டைமிங் பெல்ட்: கிலோமீட்டரா, மணியா, வருஷமா?

"வண்டி முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு. டைமிங் பெல்ட் மாத்தணுமா?"

கூத்தாநல்லூர்க்காரர்கள் என்னிடம் கார் பற்றிக் கேட்கிற கேள்விகளில் இதுதான் அதிகம். நான் மெக்கானிக் இல்லை. கம்ப்யூட்டர் வேலை. ஆனால் பழைய சர்வீஸ் புத்தகம், பழைய கார் விளம்பரம் என்று எதையாவது தேடிச் சேர்க்கிறவன் என்பது ஊரில் தெரிந்துபோனதால், துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போன் வரும். ஆளுக்கொரு விடை ஏற்கனவே கையில் வைத்திருப்பார்கள். ஒருத்தருக்கு "லட்சம் கிலோமீட்டர்" என்று யாரோ சொல்லியிருப்பார். இன்னொருத்தருக்கு அறுபதாயிரம். மூன்றாமவர், "அம்பாசிடர்ல எங்க அத்தா இருபத்தஞ்சு வருஷம் மாத்தவே இல்லையே" என்பார்.

மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். மூன்றும் வேற வேற காலத்து இன்ஜினுக்கு உண்மை. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவசரக்காரர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிடுறேன்: கிலோமீட்டர், வருஷம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. நம்ம ஊர் கார்களுக்குப் பெரும்பாலும் வருஷம்தான் முதலில் வரும்.

பெல்ட் என்ன வேலை செய்யுது?

இன்ஜினின் கீழே கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டன்கள் அதைச் சுற்றுகின்றன. வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த இரண்டையும் கட்டி வைப்பதுதான் டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட்.

பழைய ரைஸ் மில் பார்த்தவர்களுக்கு பெல்ட் புதுசு இல்லை. மோட்டாரிலிருந்து மேலே ஓடும் நீள ஷாஃப்டுக்கு ஒரு தட்டை பெல்ட், அங்கிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பெல்ட். தொய்ந்துபோனால் வழுக்கும், சத்தம் போடும். நீளத்தைக் குறைத்து மறுபடி இணைத்து இறுக்குவார்கள். கொஞ்சம் வழுக்கினாலும் நெல் அரைபடும். அரைக்கிற வேகம் குறையும், அவ்வளவுதான். காரின் டைமிங் பெல்ட் அப்படி வழுக்கவே கூடாது. அதனால் அதற்கு உள்பக்கம் பல் வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று பல் தாண்டினாலே இன்ஜின் தடுமாறும். அறுந்துவிட்டால் கேம் நின்றுபோகும். கிராங்க் மட்டும் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். திறந்தபடி நின்ற வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனும் உடையும். ஹெட்டைக் கழட்ட வேண்டிய வேலை.

எல்லா இன்ஜினிலும் இப்படி மோதாது. பழைய பெட்ரோல் இன்ஜின்கள் சிலவற்றில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே போதுமான இடம் இருந்தது. பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும். புது பெல்ட் போட்டால் கிளம்பும். "என் வண்டியில அறுந்துச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர் அந்த வகை இன்ஜின் வைத்திருந்தவர். டீசல் இன்ஜினில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காற்றை அழுத்தியே சூடாக்கி எரிய வைக்கிற இன்ஜின் அது. பிஸ்டன் மேலே வரும்போது மிச்சம் இருக்கிற இடம் மிகக் குறைவு.

செயின் காலம்

1950-களின் கடைசியிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை நம்ம பக்கம் கார் என்றால் பெரும்பாலும் மூன்றுதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட் 1100 (பிறகு அதுவே பிரீமியர் பத்மினி ஆனது), மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றிலும் கேம் ஷாஃப்ட் இன்ஜின் பிளாக்கின் உள்ளேயே, கிராங்க்குக்குப் பக்கத்தில் இருந்தது. வால்வை மேலே தள்ளிவிட நீளமான புஷ் ராடுகள். கிராங்க்குக்கும் கேமுக்கும் தூரம் குறைவு என்பதால் சின்னதாக ஒரு இரும்புச் செயின் போதும். அது இன்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும்.

செயின் திடீரென்று சாகாது. தேயும், நீளும், "கடகட"வென்று சத்தம் போடும். மெக்கானிக் காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். இன்ஜின் இறக்கும்போது செயினையும் மாற்றிவிடுவார்கள். தனியாக ஒரு தேதி வைத்து மாற்றும் பழக்கம் இல்லை, தேவையும் இல்லை. "சத்தம் வந்தா பாத்துக்கலாம்" என்ற ஊர் வழக்கு இந்தக் காலத்தில் பிறந்தது. அந்த இன்ஜினுக்கு அது சரியான அறிவுரை.

தையல் மிஷினில் பிறந்த பெல்ட்

பல் வைத்த பெல்ட்டின் பிறப்பிடம் கார் கம்பெனி இல்லை, தையல் மிஷின். 1940-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் இதை உருவாக்கினார். சிங்கர் தையல் மிஷினில் மேலே ஊசியும் கீழே பாபினும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். வழுக்கினால் தையல் விட்டுப்போகும். அதற்காக வந்த பெல்ட். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே கணக்கில். இன்ஜினிலும் அதே பிரச்சினைதான் என்று யோசித்தால் தெரியும்.

காருக்கு அது வர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆனது. பெரிய அளவில் தயாரித்த கார்களில் இதை முதலில் போட்டது ஜெர்மனியின் பவேரியாவில் இருந்த கிளாஸ் என்ற கம்பெனி, 1962-ல் வந்த கிளாஸ் 1004 காரில். கிளாஸ் கம்பெனியின் பழைய தொழில் என்ன தெரியுமா? விவசாய மிஷின், விதை விதைக்கும் கருவி. அங்கிருந்து ஸ்கூட்டருக்கு வந்து, கோகோமொபில் என்ற குட்டிக் காருக்கு வந்து, பிறகு பெல்ட் இன்ஜினுக்கு வந்தவர்கள். 1966-ல் அந்தக் கம்பெனியை பி.எம்.டபிள்யூ வாங்கிவிட்டது. அதே 1966-ல் அமெரிக்காவில் பான்டியாக், இத்தாலியில் ஃபியட் 124 ஸ்போர்ட் என்று பெல்ட் பரவியது.

ஏன் பரவியது? வால்வு வேகமாக வேலை செய்ய கேம் ஷாஃப்டை ஹெட்டுக்கு மேலேயே ஏற்றினார்கள். இப்போது கிராங்க்குக்கும் கேமுக்கும் தூரம் அதிகம். அவ்வளவு நீளத்துக்குச் செயின் போட்டால் எடை, சத்தம், விலை, அதற்கு ஆயில் போகும் வழி எல்லாம் வேண்டும். ரப்பர் பெல்ட் லேசானது, சத்தமில்லாதது, மலிவானது, ஆயில் வேண்டாம். பதிலுக்கு ஒன்றே ஒன்றைக் கேட்டது: குறித்த காலத்தில் என்னை மாற்று. இரும்புச் செயின் அப்படிக் கேட்டதில்லை.

மாருதி வந்த பிறகு

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். சுசுகியின் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். கேம் மேலே, ஓட்டுவது பெல்ட். இந்தியாவில் சாதாரணக் குடும்பங்களின் வீட்டு வாசலுக்கு டைமிங் பெல்ட் வந்தது இந்தக் காரோடுதான். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ, அதே வருஷக் கடைசியில் டாடா இண்டிகா. இரண்டிலும் பெல்ட். இண்டிகா டீசல் டாக்ஸிக்காரர்களின் வண்டியாகிப்போனது. "லட்சத்துக்குள்ள பெல்ட் மாத்திடணும்" என்ற பேச்சு டாக்ஸி ஸ்டாண்டுகளில் ஊறியது இந்தக் காலத்தில்தான். வருஷத்துக்கு ஐம்பது, அறுபதாயிரம் ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதும். பெல்ட்டுக்கு வயசாவதற்கு முன்பே கிலோமீட்டர் முடிந்துவிடும்.

இந்த நடுவில் பெல்ட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் நியோப்ரீன் என்கிற செயற்கை ரப்பர், உள்ளே கண்ணாடி இழைக் கயிறு. சூட்டில் இறுகி வெடிப்பு விடும். 1980-களில் எச்.என்.பி.ஆர் என்ற வகை ரப்பர் வந்தது; சூட்டையும் எண்ணெயையும் நன்றாகவே தாங்கும். பல்லின் வடிவமும் மூலை வைத்ததிலிருந்து வளைவானதாக மாறியது. அதனால் கம்பெனிகள் சொல்லும் கிலோமீட்டரும் ஏறிக்கொண்டே போனது. அறுபதாயிரம் என்று ஒருத்தரும், லட்சத்துக்கு மேல் என்று இன்னொருத்தரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். புத்தகம் மாறியது, வாய்வழிக் கணக்கு அப்படியே நின்றுவிட்டது.

பிறகு கதை திரும்பியது. 2007-ல் ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 இன்ஜினில் செயின். 2008 வாக்கில் மாருதியின் கே வரிசை இன்ஜின்கள், ஹூண்டாயின் கப்பா இன்ஜின், எல்லாம் செயின். ஹூண்டாய் ஐ10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1.1 இன்ஜின் என்றால் பெல்ட், 1.2 கப்பா என்றால் செயின். வெளியே பார்த்தால் ஒரே கார். "ஐ10-க்கு பெல்ட் மாத்தணுமா" என்ற கேள்விக்கு இன்ஜின் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அதே சமயம் ஒரகடத்தில் செய்த ரெனோ டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட்தான். மறைமலைநகரில் 2013 முதல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 1.0 பெட்ரோலில் இன்னொரு புதுமை: இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட். இதற்குச் சொன்ன ஆயுள் நீளம். ஆனால் தவறான ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தாலோ ரப்பர் கரைந்து துகள் துகளாக உதிரும். அது போய் ஆயில் பம்பின் வலையை அடைக்கும். அந்த வண்டியில் ஆயில் மாற்றுவதும் பெல்ட் பராமரிப்பில் சேர்த்தி.

மூன்று கடிகாரம்

இப்போது கொஞ்சம் கணக்கு. லட்சம் கிலோமீட்டரை சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 2,500 மணி நேரம். இன்ஜின் சராசரியாக நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால் கிராங்க் 30 கோடி சுற்று, கேம் 15 கோடி சுற்று. அத்தனை சுற்றிலும் ஒவ்வொரு பல்லும் இழுபட்டு, வளைந்து, நிமிர்ந்து வருகிறது. அதே லட்சம் கிலோமீட்டரை டவுனுக்குள் 25 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டினால் 4,000 மணி நேரம். கல்யாண மண்டப வாசலில் ஏசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்கிற வண்டியின் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. பெல்ட்டோ அந்த ஒரு மணி நேரமும் ஓடியிருக்கும்.

நம்ம விவசாயிகள் இதை எப்போதோ புரிந்துகொண்டவர்கள். டிராக்டரில் கிலோமீட்டரை யாரும் கேட்பதில்லை. "எத்தனை மணி ஓடியிருக்கு" என்றுதான் கேட்பார்கள். டேஷ்போர்டிலேயே மணி மீட்டர் இருக்கிறது. ஆயில் மாற்றுவதும் இத்தனை மணிக்கு ஒருமுறை என்றுதான். சேற்றில் நாள் பூரா உழுதாலும் டிராக்டர் போகிற தூரம் கொஞ்சம் என்பதால் தூரத்தை வைத்து அதன் தேய்மானத்தை அளக்க முடியாது. கார் மட்டும் தூரத்தை வைத்துப் பழகிவிட்டது.

மூன்றாவது கடிகாரம் வருஷம். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயசாகும். சூடு, காற்றில் உள்ள ஆக்சிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து அதை மெல்ல இறுக வைக்கும். அதனால்தான் கம்பெனிப் புத்தகங்களில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே வருஷமும் போட்டு, "எது முதலோ அது" என்று எழுதியிருப்பார்கள். நாம் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறோம்.

கூத்தாநல்லூருக்கு இது ரொம்பவே பொருந்தும். சின்ன சிங்கப்பூர் என்று பேர் வாங்கிய ஊர். பர்மா, மலாயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகச் சபுர் போகிறவர்கள். சபுராளி ஊருக்கு வருகிற ஒன்றரை மாசத்துக்காக வாங்கிய கார் மிச்ச நாளெல்லாம் ஷெட்டில் கிடக்கும். வாரத்துக்கு ஒருநாள் யாராவது ஸ்டார்ட் பண்ணி, கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். அது பேட்டரிக்கு. பெல்ட்டுக்கு அதில் இளமை திரும்பாது. நிற்கிற நேரத்தில் பெல்ட் ஒரே இடத்தில், சின்ன புல்லியைச் சுற்றி வளைந்தபடியே, இறுக்கத்தோடு கிடக்கிறது. பத்து வருஷத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்பது மீட்டரைப் பார்ப்பவருக்குப் புது வண்டி, பெல்ட்டைப் பார்ப்பவருக்குப் பழைய வண்டி.

சென்ற வருஷம் உறவில் ஒரு மச்சானின் டீசல் காருக்குப் பெல்ட் மாற்றினோம். பதினோரு வருஷம், முப்பத்து நாலாயிரம் கிலோமீட்டர். வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பழைய பெல்ட்டைக் கழட்டிக் கையில் கொடுத்தார். "புதுசையும் இதையும் மடக்கிப் பாருங்க தம்பி" என்றார். புதுசு துணி மாதிரி வளைந்தது. பழசு விறைத்துக்கொண்டு நின்றது. பின்பக்கம் நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை. "வெடிப்பு இல்லையே, இன்னும் ஓடியிருக்குமோ?" என்று மச்சான் கேட்டார். "ஓடியிருக்கும். எதுவரைக்கும்னு அது உங்களுக்குச் சொல்லாது" என்றார் அவர்.

அந்தப் பதில் முக்கியம். செயின் சொல்லும், பெல்ட் சொல்லாது. பழைய நியோப்ரீன் பெல்ட்டாவது வெடிப்பு காட்டும். இப்போதைய பெல்ட்கள் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே உள்ளே கயிறு தளர்ந்தோ, பல் அடியில் கிழிந்தோ போய்விடுகின்றன. மேல் மூடியைக் கழட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படி நின்றுகிடந்த வண்டியை நாம் எதற்கு எடுக்கிறோம்? நள்ளிரவில் திருச்சி ஏர்போர்ட்டுக்கு. நூறு கிலோமீட்டர் சொச்சம், ஹைவேயில், குடும்பத்தோடு. மாசக்கணக்கில் மெதுவாக ஓடிய இன்ஜினை ஒரே மூச்சில் விரட்டுகிற நாள் அதுதான். அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் இன்ஜின் அணையும், ஸ்டீயரிங் கல்லாக இறுகும், பிரேக்குக்கு இன்ஜின் தருகிற துணையும் ஒன்றிரண்டு மிதியில் தீர்ந்துவிடும். பின்னால் லாரி வரும். வால்வு வளைந்த செலவு அப்புறம் பார்க்க வேண்டிய கணக்கு.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா, செயினா, ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்டா என்று பாருங்கள். மாடல் பெயர் போதாது. இன்ஜினும் வருஷமும் வேண்டும். செயின் என்றால் ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், ஸ்டார்ட் பண்ணும்போது கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

பெல்ட் என்றால் புத்தகத்தில் இருக்கும் இரண்டு எண்ணையும் படியுங்கள். புத்தகம் இல்லையென்றால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரும் சேஸிஸ் நம்பரும் கொடுத்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக் காரின் எண்ணை உங்கள் வண்டிக்குப் போடாதீர்கள்.

செகண்ட் ஹேண்டாக வாங்கினால், பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஃபாரின் பார்ட்டி வண்டி சார், ஓடவே இல்லை" என்று புரோக்கர் சொன்னால் அதை விலையைக் குறைக்கிற காரணமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றும்போது பெல்ட்டோடு நிறுத்தாமல் டென்ஷனர், ஐட்லர் புல்லி இரண்டையும் மாற்றுங்கள். வாட்டர் பம்பை அதே பெல்ட் ஓட்டுகிற இன்ஜின் என்றால் பம்பையும் சேர்த்து. புது பெல்ட் போட்டு, பழைய புல்லி பேரிங் இறுகினாலும் அறுவது அந்தப் புது பெல்ட்தான். கேம், கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். கழட்டுகிற கூலி ஒன்றுதான். எல்லாம் மாட்டிய பிறகு சாவியைத் திருப்பும் முன் கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் நீங்கள் சொல்லாமலே செய்வார்.

கடைசியாக ஒரு சின்ன காகிதம். பெல்ட் மாற்றிய தேதி ஒரு வரியில், கிலோமீட்டர் அடுத்த வரியில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். பல பட்டறைகளில் கிலோமீட்டர் மட்டும் எழுதுவார்கள். தேதியையும் கேட்டு எழுத வையுங்கள். நீங்கள் சபுரில் இருக்கும்போது வண்டியை எடுக்கிற தம்பிக்கோ மகனுக்கோ அந்தத் தேதிதான் தேவைப்படும்.